எதற்கு ஏறினாய்?

சிறு வயதில் மரம் ஏறி இறங்கிய எவரும் தம் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து ஒரு கேள்வியைத் தப்பாமல் கேட்டிருப்பர்: "எதற்கு ஏறினாய்?" மாங்காய் பறிக்க ஏறினேன் என்றால் ஒரு திட்டோடு போய்விடும். சிக்கிக்கொண்ட பட்டத்தை எடுக்க ஏறினேன் என்றாலும் பொறுத்துக்கொள்வார்கள். "சும்மாதான் ஏறினேன்" என்று உண்மையைச் சொன்ன பிள்ளைக்குத்தான் அடி விழும். காரணமில்லாத ஏற்றத்தை மனிதர்கள் ஐயத்தோடுதான் நோக்கி வந்திருக்கிறார்கள்.

மரம் ஏறியவர் என்றவுடன் நம் வாசகர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் எரிகோ நகரத்துச் சக்கேயுவாகத்தான் இருப்பார். ஆனால் அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவர் குட்டையானவர், வழியெங்கும் கூட்டம், காண வேண்டிய ஒருவர் அவ்வழியே வந்துகொண்டிருந்தார். காட்டு அத்தி மரம் அவருக்கு ஓர் ஏணியாக உதவிற்று, அவ்வளவே. அம்மரத்தின் இலை எப்படி இருந்தது, கிளைகளில் காற்று எப்படி ஒலித்தது என்பவற்றையெல்லாம் அவர் கவனித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பனையேறி ஏறுவது பதநீருக்காக. தேனெடுப்பவர் ஏறுவது தேனுக்காக. காவல்வீரன் ஏறுவது பகைவனின் வரவை அறிவதற்காக. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது, இத்தகைய காரணம் எதுவுமின்றி, ஏறுதலில் உள்ள இன்பத்திற்காகவே மரம் ஏறிய சிலருடைய வரலாறு. அதற்கு நாம் வெகு தொலைவிலுள்ள ஒரு வனத்திற்குச் செல்ல வேண்டும்.

வட அமெரிக்காவின் மேற்கே, கலிபோர்னியாவின் வடபகுதியிலிருந்து ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களைக் கடந்து கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா வரையிலும் ஊசியிலைக் காடுகள் நீண்டு கிடக்கின்றன. பசிபிக் பெருங்கடல் அனுப்பும் மழையிலும் மூடுபனியிலும் வளரும் இக்காடுகளில்தான் உலகின் மிக உயர்ந்த மரங்கள் நிற்கின்றன. அங்குள்ள டக்ளஸ் மரம் ஏறத்தாழ 100 மீட்டர் வரை உயரும். 'ரெட்வுட்' என்னும் மரமோ 115 மீட்டரைத் தாண்டும். (ஆந்திரக் காடுகளிலிருந்து வெட்டிக் கடத்தப்படும் செம்மரத்திற்கும் இதற்கும் பெயரளவில்கூட உறவு கொண்டாட வேண்டாம், இது வேறு குலம்.) நம் ஊரில் நன்கு வளர்ந்த தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து நிறுத்தினால் அந்த உயரம் வரலாம். முதிய மரங்கள் பலவற்றில் முதற்கிளையே 30 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். அதுவரை கட்டிப்பிடிக்க இயலாத பருமனில் அடிமரம் மட்டுமே. ஆகவே இங்கே மரம் ஏறுவது என்பது மாந்தோப்பில் ஏறுவது போன்றதன்று.

இக்காடுகளில் முதலில் ஏறியவர்கள் அம்மண்ணின் பழங்குடி மக்கள். சியரா நெவாடா மலைச்சரிவுகளில் வாழ்ந்தவர்கள் பைன் மரங்களில் ஏறிக் காய்களை உதிர்த்து, அவற்றிலுள்ள பருப்பை உணவுக்காகச் சேர்த்துவைத்தனர். காரணமின்றி ஏறிய சிறுவர்களும் அவர்களிடையே நிச்சயம் இருந்திருப்பர். எந்த இனத்தில்தான் இல்லை? ஆனால் அவர்கள் அதை எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்து வந்தவர்களோ அவர்களைக் கேட்கவில்லை. 1848-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அதற்கு முன் ஏறத்தாழ 1,50,000 என மதிப்பிடப்படும் அப்பகுதிப் பழங்குடியினரின் தொகை, 1870-களின் தொடக்கத்தில் 30,000 என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. நோயும் பசியும் துப்பாக்கியும் அந்த வேலையைச் செய்தன. பின்னாளில் பயணிகள் 'ஆளில்லாப் பெருங்காடு' என்று வியந்து எழுதிய இடங்களில் பல, ஆட்களை அகற்றியதால் ஆளில்லாமற் போனவை. மரம் ஏறும் இன்பத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது.

வெள்ளையர்களில் இம்மரங்களைக் கூர்ந்து நோக்கியவர்களுள் முதன்மையானவர் டேவிட் டக்ளஸ் என்னும் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர். லண்டன் தோட்டக்கலைச் சங்கம் விதை சேகரிப்பதற்காக அவரை அனுப்பியிருந்தது. டக்ளஸ் மரம் என்னும் பெயர் அவரால் வந்ததே. 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஆரிகன் பகுதியில் அம்ப்குவா ஆற்றுப்புறத்தில், தாம் வெகுநாளாகத் தேடிவந்த சர்க்கரைப் பைன் மரத்தை அவர் கண்டார். காற்றில் வீழ்ந்து கிடந்த ஒன்றை அளந்தபோது அதன் நீளம் 215 அடி. அடிப்பகுதியின் சுற்றளவு 57 அடிக்கும் மேல். காய்களோ நிற்கும் மரங்களின் உச்சியில், கிளைநுனிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஏறவும் முடியாது, வெட்டவும் முடியாது என்று கண்ட டக்ளஸ், துப்பாக்கியால் சுட்டுக் காய்களை வீழ்த்தினார். வெடியோசை கேட்டு எட்டுப் பழங்குடியினர் ஆயுதங்களோடு வந்து நின்றனர். காய் கொண்டுவந்தால் புகையிலை தருகிறேன் என்று சொல்லி அவர்களைத் தேட அனுப்பிவிட்டு, கையிலிருந்த மூன்று காய்களுடன் அவர் தப்பியோடினார்! அறிவியலுக்காக உயிரையே பணயம் வைத்த மனிதர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த மரத்தின் உச்சி அவருக்குத் துப்பாக்கிக் குறியாக மட்டுமே இருந்தது.

அடுத்து நாம் சந்திப்பவர் ஜான் மியூர். இவரிடம் சற்று அதிக நேரம் தங்க விரும்புகிறேன்.

மியூர் 1838-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். 1849-இல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தை டேனியல் மியூர் கடுமையான சமயப்பற்று உடையவர். அவர் கணக்கில் விளையாட்டு வீண், உழைப்பே பக்தி. மகன் புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் மனப்பாடமாக ஒப்பித்தது பெரும்பாலும் பிரம்புக்கு அஞ்சியே. அக்குடும்பத்தின் புதிய பண்ணையில் ஒரு கிணறு வெட்ட வேண்டியிருந்தது. மேலே பத்தடிக்கு மண். அதற்குக் கீழே மணற்பாறை. வெடிவைத்துப் பார்த்தும் பயனில்லாததால், உளியையும் சுத்தியலையும் கொடுத்து மூத்த மகனைத் தந்தை உள்ளே இறக்கினார். குழியின் அகலம் ஏறத்தாழ மூன்றடி. காலையில் வாளியில் இறக்குவர். நண்பகல் உணவுக்கு மேலே தூக்குவர். மீண்டும் மாலைவரை உளியும் இருளும். எண்பதடி ஆழத்தை எட்டியபோது ஒருநாள் காலை, இரவில் அடியில் தேங்கிய நச்சுக்காற்று அந்த இளைஞரை மயக்கிச் சாய்த்தது. எப்படியோ வாளிக்குள் ஏறி, உயிர் பிழைத்து மேலே வந்தார். ஓரிரு நாட்களுக்குப் பின் அதே கிணற்றில் மறுபடியும் இறக்கப்பட்டார். 90 அடியில் நீர் கண்டது. தந்தை அந்தக் கிணற்றுக்குள் ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை என்று முதுமையில் தம் இளமைக் கதையை எழுதும்போது மியூர் குறிப்பிடுகிறார். அதற்குமேல் குறைகூறவில்லை.

1867-ஆம் ஆண்டு, இண்டியானாபொலிஸ் நகரில் வண்டிப் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கைதவறிய அரம் அவருடைய வலக்கண்ணைக் குத்திற்று. மற்றக் கண்ணும் பார்வை மங்கிப்போக, பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மெல்ல மீண்டதும், இனிக் கண்களைப் பொறிகளுக்குச் செலவிடுவதில்லை என்று முடிவுசெய்து நடக்கத் தொடங்கினார். மெக்சிகோ வளைகுடா வரை நடந்தார். 1868-இல் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார்.

1874-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். சியரா மலையில், யூபா ஆற்றின் கிளையாறு ஒன்றின் பள்ளத்தாக்கில் மியூர் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் பெருங்காற்று எழுந்தது. மழையில்லை, வானம் தெளிந்து வெயில் காய்ந்தது, காற்று மட்டும் வெறிகொண்டு வீசிற்று. இத்தகைய வேளையில் அறிவுள்ளவர்கள் கூரைக்கடியில் இருப்பார்கள். மியூரோ இதற்காகவே காத்திருந்தவர்போல் காட்டுக்குள் புறப்பட்டார். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒன்றாக மரங்கள் விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. சில வேரோடு சாய்ந்தன. சில நடுவில் முறிந்தன. நண்பகலளவில் மிக உயர்ந்த முகடு ஒன்றை அடைந்தபோது, ஏதாவதொரு மரத்தில் ஏறி உச்சியில் அமர்ந்து இந்தக் காற்றைக் கேட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று.

கண்டபடி அவர் ஏறிவிடவில்லை. இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பல மரங்களை ஆராய்ந்தபின், புல்கற்றைபோல் நெருங்கி நின்ற டக்ளஸ் மரக்கூட்டம் ஒன்றைத் தேர்ந்தார். ஒன்று விழுந்தால் எல்லாம் விழ வேண்டும். ஆகவே எதுவும் விழாது என்பது அவர் கணக்கு. அவற்றுள் உயரமானது ஏறத்தாழ 100 அடி. தாவர ஆராய்ச்சிக்காக மரம் ஏறிப் பழகியிருந்ததால் எளிதில் உச்சியை அடைந்தார். அங்கே கைகால்களால் தண்டைப் பற்றிக்கொண்டு, நாணல்மேல் அமர்ந்த குருவிபோல், பல மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தார். காற்று ஓங்கும்போதெல்லாம் உச்சி இருபது முதல் முப்பது பாகை வரை வளைந்து மீண்டது. கனத்த பனிச்சுமையில் இவ்வினத்து மரங்கள் தரைவரை வளைந்தும் முறியாமல் நின்றதை முன்பே கண்டிருந்ததால் அவருக்கு அச்சம் எழவில்லை.

அங்கே அவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. கீழே காடு முழுவதும் விளைந்த வயல்போல் அலையலையாய் மடங்கி மின்னுவதைப் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டு கேட்டார். இலையற்ற கிளைகளின் ஆழ்ந்த முழக்கம் ஒருபுறம், பைன் ஊசிகளின் சீழ்க்கை ஒருபுறம் என்று ஒவ்வொரு மரத்தின் ஓசையையும் தனித்தனியே பிரித்தறிந்தார். பிறகு முகர்ந்தார். பிசின் மணத்தோடு, மலைகளைத் தாண்டி வந்த கடலின் மணமும் அதில் இருந்ததாக உணர்ந்தார். டன்பாரில் பிள்ளைப் பருவத்தில் சுவாசித்த கடற்காற்று, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் புளோரிடாவில் திடீரெனத் தம் மூக்கில் பட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகள் மறைந்து ஸ்காட்லாந்து முழுவதும் மனத்தில் எழுந்து நின்றதை அவர் அவ்விடத்தில் நினைவுகூர்கிறார். மரங்கள் நின்ற இடத்தில் நிற்பவை என்று எண்ணுகிறோம். அவையும் காற்றில் சிறு பயணங்கள் போய்வருகின்றன, நம்முடைய பயணங்களும் அதைவிடப் பெரியவையல்ல என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் தோன்றியதாம். இக்கட்டுரை 1878-இல் 'ஸ்கிரிப்னர்ஸ்' மாத இதழில் வெளிவந்து, 1894-இல் கலிபோர்னியா மலைகளைப் பற்றிய அவருடைய நூலில் ஓர் அத்தியாயமாயிற்று. தந்தை அடித்துப் புகட்டிய விவிலியம் அவர் நாவை விட்டு அகலவில்லை. அந்தப் பக்கங்களில் திருப்பாடல்களின் நடை எனக்குக் கேட்கிறது.

தந்தையின் ஆணைப்படி 90 அடி கீழே இறங்கியவர், எவருடைய ஆணையுமின்றி 100 அடி மேலே ஏறினார். முன்னதில் பயன் இருந்தது. குடும்பத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. பின்னதில் எவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. குருமடத்தில் நாங்கள் படித்த புனித தாமஸ் அக்குவினாஸ், மெய்யறிவை நாடும் தியானத்தை விளையாட்டோடு ஒப்பிடுகிறார். விளையாட்டு இன்பம் தருவது என்பது ஒரு காரணம். அது வேறொன்றிற்காக அன்றித் தனக்காகவே செய்யப்படுவது என்பது மற்றொன்று. அன்று தேர்வுக்காகப் படித்த அந்த வரியின் பொருள், மியூரை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. டேனியல் மியூர் தம் மகனுக்கு விவிலியம் முழுவதையும் கற்பித்தார். ஏழாம் நாளின் ஓய்வை மட்டும் கற்பிக்க மறந்தார் போலும்.

மியூர் மரத்தில் ஆடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், யூபா ஆற்றின் பிற பகுதிகளில் தங்கத்திற்காக மலைகளையே நீர்ப்பீரங்கிகளால் கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு சேறாகிக் கீழேயிருந்த வயல்களை மூடிற்று. 1884-இல் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. காடுகளுக்கு அப்படியொரு தீர்ப்பு அப்போது வரவில்லை.

1881-ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் வடகரையிலுள்ள யுரேகா நகரில் ஜான் டால்பீர் என்பவர், வெட்டிய மரங்களைக் கம்பிவடத்தால் இழுக்கும் நீராவிப் பொறி ஒன்றை அமைத்தார். தொழிலாளர் அதற்கு இட்ட பெயர் 'கழுதை'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கழுதைக்கு உதவியாக ஒரு புதிய முறை வந்தது. நிற்கும் மரமொன்றின் உச்சியில் கப்பியைக் கட்டி, அதன்வழியே வடத்தை ஓடவிட்டால், பெருமரங்களைத் தரையில் உராயாமல் தூக்கி இழுக்கலாம். அதற்கு முதலில் அந்த மரத்தின் கிளைகளையும் தலையையும் நீக்க வேண்டும். அந்த வேலைக்கென்றே ஓர் ஆள் தோன்றினான். 'ஹை கிளைம்பர்' என்று அவனை அழைத்தனர். 'உச்சியேறி' என்று நாம் சொல்லலாம்.

அவன் காலில் இரும்பு முள் பொருத்திய கவசம். இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி ஒரு கயிறு. கோடரி தவறிப்பட்டாலும் அறுந்துவிடாதபடி அதன் உள்ளே எஃகுக் கம்பி ஓடும். முள்ளைப் பட்டையில் குத்தி ஓரடி ஏறுவான். கயிற்றைச் சுண்டி மேலே ஏற்றுவான். வழியிலுள்ள கிளைகளை வெட்டித் தள்ளிக்கொண்டே 150 அடி, 200 அடி என்று உயர்வான். அங்கிருந்து மரத்தின் தலையை அறுப்பான். பல டன் எடையுள்ள உச்சி முறிந்து சாயும் அந்த நொடியில், எஞ்சிய தண்டு வில்போல் பின்னுக்கு எற்றி ஆடும். அதன் நுனியில் அவனும் ஆடுவான். தண்டு பிளந்தால் கயிறு அவனை மரத்தோடு நசுக்கிவிடும். காடுவெட்டுவோரிடையே மிக்க மதிப்பும் அபாயமும் உள்ள பணி அது. அறுத்த தண்டின் தட்டையான தலைமேல் ஏறி நின்று படமெடுத்துக்கொண்ட உச்சியேறிகள் உண்டு. அந்தப் பழைய படங்களை நான் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். ஒருவனுடைய முகத்தில் தெரியும் சிரிப்பு, கூலிக்காக மட்டும் வருவதன்று. மியூரின் இன்பத்தில் ஒரு துளி அவனுக்கும் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அவன் ஏறிய மரம் அவன் ஏறியதால் செத்தது. சுற்றிலுமுள்ள காடு அந்த மரத்தின் உதவியால் வீழ்ந்தது. எஃகுக் கம்பங்கள் வந்தபின் இத்தொழில் மறைந்தது. அதற்குள் ரெட்வுட் காடுகள் பெரும்பாலும் போய்விட்டன. சுமார் 20 லட்சம் ஏக்கர் பரப்பில் நின்ற ஆதி ரெட்வுட் காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 விழுக்காடு.

மரத்தைக் காயப்படுத்தாமல் ஏறும் கலை பின்னர்தான் வந்தது. அதற்கு அடிப்படை மலையேறிகளின் கயிறு. கார்ல் புரூசிக் என்னும் ஆஸ்திரியர் 1931-இல் பரப்பிய முடிச்சு ஒன்று, கையால் தள்ளினால் கயிற்றில் நகரும். எடை விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இத்தகைய முடிச்சுகளும் இடுப்புவாரும் இருந்தால், கிளைமேல் போட்ட கயிற்றைப் பற்றியே ஒருவர் மேலேறலாம். இரும்பு முள் தேவையில்லை. பட்டையைக் கயிறு அராவாமலிருக்கக் கிளையில் ஓர் உறையும் இடுவார்கள். 1983-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பீட்டர் ஜென்கின்ஸ் என்னும் மரப் பராமரிப்பாளர், பொதுமக்களுக்கு இன்பத்திற்காக மரம் ஏறக் கற்பிக்கும் அமைப்பொன்றைத் தொடங்கினார். இன்பத்திற்காகவே மரம் ஏறுவது முறையான பயிற்சியும் சட்டதிட்டமும் உடைய ஒரு பொழுதுபோக்காக உருப்பெற்றது அங்கிருந்துதான் எனலாம்.

இனி மீண்டும் வட கலிபோர்னியா. 1987-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஆரிகனிலிருந்து ஸ்டீவ் சில்லெட் என்னும் பத்தொன்பது வயது மாணவர், தம் நண்பருடனும் சகோதரருடனும் பிரெய்ரி கிரீக் ரெட்வுட் பூங்காவுக்கு வந்தார். ஒரு பெரிய ரெட்வுட்டைக் கண்டதும் ஏறும் ஆசை வந்தது. முதற்கிளை எட்டாத உயரத்தில். கையில் கயிறும் இல்லை. அருகில் நின்ற சிறிய மரமொன்றில் ஏறி, அங்கிருந்து வெற்றிடத்தைத் தாண்டிப் பெரிய மரத்தின் கிளைக்குத் தாவினார். நண்பரும் தாவினார். சகோதரர் கீழே நின்று அஞ்சிக்கொண்டிருந்தார். பிடி தவறியிருந்தால் இந்தக் கட்டுரையில் இப்பகுதியே இராது. இதைப் படிக்கும் இளைஞர் எவரும் பின்பற்ற வேண்டாம் என்று சொல்வது என் கடமை. ஆயினும் அந்தத் தாவலின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ரெட்வுட் மரங்களின் உச்சிப்பகுதி உயிரினங்கள் அதிகமில்லாத வெறுமை என்றே பலர் அதுவரை கருதியிருந்தனர். எவரும் ஏறிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை. அந்த இருவரும் மேலே கண்டதோ ஒரு தோட்டம். கிளைகளில் படர்ந்த பாசிகள், பெரணிகள், காய்த்து நிற்கும் ஹக்கிள்பெரிப் புதர்கள். சில்லெட் தம் வாழ்க்கையையே அங்கே விட்டுவிட்டார். பின்னாளில் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அம்பில் தூண்டில் நரம்பைக் கட்டிக் கிளைக்கு மேலே எய்து, அதன்வழியே கயிற்றை இழுத்து, மரத்துக்குக் காயமின்றி ஏறும் முறையில் எண்ணற்ற மரங்களை ஆராய்ந்தார்.

அவரும் உடன் உழைத்தவர்களும் கண்டவற்றைச் சொன்னால் நம்புவது கடினம். முறிந்த உச்சியிலிருந்து புதிய தண்டுகள் எழுந்து, அவற்றிலிருந்து மேலும் தண்டுகள் கிளைத்து, ஒரே மரத்தின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் நிற்பதுபோன்ற அமைப்பு. கிளைக்கவட்டில் நூற்றாண்டுகளாக உதிர்ந்து மக்கிய இலைகளால் உண்டான மண். அதில் அடர்ந்த பெரணி மெத்தைகள். அம்மெத்தைகளின் ஈரத்தில், நீர்நிலைகளில் மட்டுமே காணத்தக்க நுண்ணுயிர்கள். 2004-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வொன்றில், உச்சிவரை ஏறி அளந்து, ஒரு மரம் ஏன் முடிவின்றி வளர முடியாது என்பதற்குக் கணக்குத் தந்தனர். அத்தனை உயரத்திற்கு நீரை இழுப்பது கடினமாகிக்கொண்டே போகிறது. மேலே போகப்போக இலைகள் சிறுத்துவிடுகின்றன. 122 முதல் 130 மீட்டருக்கு மேல் எந்த மரமும் உயர இயலாது. அலையும் சாலமாண்டர் என்று ஒரு சிறு பிராணி உண்டு. பார்ப்பதற்குப் பல்லி, இனத்தால் தவளைக்கு உறவு. அது இந்த வான்தோட்டத்தில் குடியிருக்கிறது. கிளையிலிருந்து குதிக்கும்போது கால்களை விரித்துக் காற்றில் தன்னைத் திசைதிருப்பிக்கொள்ளவும் அதற்குத் தெரியும் என்று 2022-இல் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துக் கண்டார்கள். காரணமின்றி ஏறிய ஒரு மாணவரின் தாவலில் தொடங்கியது இத்தனையும்.

இதே நிலப்பகுதியில் வேறொரு வகையாக ஏறியவர்களும் உண்டு. ஊர் ஊராகச் சென்ற நற்செய்திப் போதகர் ஒருவரின் மகளான ஜூலியா ஹில், 1997-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், வெட்டப்படவிருந்த ரெட்வுட் மரமொன்றில் ஏறினார். 'லூனா' என்று அம்மரத்துக்குப் பெயர். 180 அடி உயரத்துப் பலகைமேல் மழையிலும் புயலிலும் 738 நாட்கள் இருந்து, மரத்தை விட்டுவிடுவதாக உடன்படிக்கை எழுதப்பட்டபின், 1999 டிசம்பர் 18 அன்று இறங்கினார். மறு ஆண்டு எவரோ சங்கிலி ரம்பத்தால் அம்மரத்தைப் பாதிக்குமேல் அறுத்துவிட்டுப் போய்விட்டனர். இரும்புப் பட்டைகளால் தாங்கிக் கட்டப்பட்டு அது பிழைத்தது.

2006-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கிறிஸ் அட்கின்ஸ், மைக்கேல் டெய்லர் என்னும் இருவர் ரெட்வுட் தேசியப் பூங்காவின் உட்பகுதியில் ஒரு மரத்தைக் கண்டனர். சில்லெட் அதில் ஏறி, உச்சியிலிருந்து அளவுநாடாவை இறக்கிப் பார்த்தார்: 115.5 மீட்டர். உலகில் அறியப்பட்ட மரங்களுள் இதுவே மிக உயரமானது. 'ஹைப்பீரியன்' என்று பெயரிட்டார்கள், இருக்குமிடத்தை வெளியிடவில்லை. ஆயினும் மறைத்த இடம் நாளடைவில் வெளிப்பட்டது. வழியில்லாத காட்டுக்குள் மக்கள் தாமே வழியுண்டாக்கி வந்தனர். அவர்களுள் தீயவர்கள் சிலரே இருந்திருப்பர். பெரும்பாலோர் மியூரைப்போல் மரத்தை விரும்பி வந்தவர்கள்தாம். ஆனால் ரெட்வுட்டின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை, மேலாகப் பரவுபவை. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மண் இறுகிற்று. மரத்தைச் சுற்றியிருந்த பெரணிகள் அழிந்தன. குப்பையும் மலமும் சேர்ந்தன. 2022-இல் பூங்கா நிர்வாகம் அவ்விடத்தை மூடிற்று. மீறி நுழைந்தால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

உச்சியேறியின் இரும்பு முள் செய்ததை அன்பர்களின் காலணியும் செய்யக்கூடும் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உறைத்த பகுதி.

அப்பூங்காக்களின் ரெட்வுட் மரங்களில் இன்று எவரும் விருப்பம்போல் ஏறிவிட முடியாது. ஆராய்ச்சி என்ற காரணம் காட்டி, முறையான அனுமதி பெற்றவர்களே ஏறலாம். 1987-இல் தாவிய அந்த மாணவரைப்போல் இன்று ஒருவர் வந்தால் அவருக்கு அனுமதி கிடைக்காது. நம் வீட்டுப் பெரியவர்களின் கேள்வி ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் மரத்தடிக்கு வந்து நிற்கிறது. இம்முறை அது நியாயமான கேள்விதான் என்று என் அறிவு சொல்கிறது. மனம் மட்டும் இன்னும் முழுமையாக ஒப்பவில்லை.

ஹைப்பீரியனைக் காண ஆசைப்படுவோருக்குப் பூங்காவினர் ஒரு செய்தி சொல்லிவருகின்றனர். சிரமப்பட்டு வந்தாலும் அங்கே பெரிதாகப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அடிமரம் அப்பகுதியின் வேறு பல மரங்களைவிடச் சிறியது. தரையில் நிற்பவருக்கு அதன் உச்சி கண்ணில் படுவதில்லை.